கேரம் பலகையின் பின்பக்கம்

விலாசினி எந்தப் பொருளின் விலையையும் கடையில் கேட்கமாட்டாள். வாங்கியவர் வீட்டில் போய்க் கேட்பாள். மிக்ஸி வாங்குவதற்கு முன் ஏழு வீட்டு மிக்ஸிகளை விசாரித்தாள். எத்தனை வருஷம் ஓடியது, எத்தனை தடவை பழுதானது, ஜார் மாற்ற என்ன செலவு, அரைக்கிற சத்தத்தில் தொட்டில் குழந்தை விழிக்கிறதா என்பதுவரை கேட்டு நோட்டில் எழுதி, எட்டாவது மாதம்தான் வாங்கினாள். அதுவரை அம்மிதான். பிளைவுட் மில்லில் வேலை பார்க்கும் அவள் கணவன் உத்தமன் ஒருநாள் தேங்காய் அரைத்துக்கொண்டே கேட்டான்:

"இவ்வளவு விசாரிக்கிறியே, என்னைக் கட்டிக்கறதுக்கு முன்னாடி யார் வீட்ல விசாரிச்ச?"

"உங்களை அதுக்கு முன்னாடி யாரும் வாங்கியிருக்கலையே. கேக்க ஆளில்லாமத்தான் மாட்டிக்கிட்டேன்."

இந்தப் பழக்கம் அவளுக்கு நெசவுக் கூட்டுறவுச் சங்கத்தில் வந்தது. பத்தொன்பது வயதில் அங்கே நூல் சுற்றப் போனாள். சங்கத்தில் எப்போதும் மலிவான நூலைத்தான் வாங்குவார்கள். அது தறியில் ஏறினால் நிமிஷத்துக்கு நிமிஷம் அறும். முடிச்சுப் போட்டே பொழுது போகும். விலாசினி ஒரு மாதம் யாரிடமும் சொல்லாமல், ஒவ்வொரு நூல் கட்டிலிருந்தும் எத்தனை மீட்டர் துணி இறங்கியது என்று சுவரில் கரித்துண்டால் கோடு போட்டுவந்தாள். மாதக் கடைசியில் மலிவு நூலின் துணிதான் மீட்டருக்கு நாலணா கூடுதல் என்று தெரிந்தது. மேனேஜர் சுவரை அழுக்காக்கியதற்குத் திட்டினார். ஆனால் அடுத்த மாதம் வேறு நூல் வந்தது.

புன்னக்கடவு மக்கள் வாசகசாலைக்கு அவள் நூலகராக வந்து இருபத்தொரு வருஷம் ஆகிறது. கொடுக்கிற அலவன்ஸ் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. வேலையில் அவளுக்குப் பிடித்தது சனிக்கிழமைதான். அன்று இரண்டு தோள்களிலும் பை மாட்டிக்கொண்டு நாற்பத்தாறு வீடுகளுக்குப் புத்தகம் கொண்டுபோவாள். வாசகசாலைக்கு வரமுடியாத பெண்களுக்கான ஏற்பாடு அது. போன வாரத்துப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுப்பாள். கூடவே ஒரு பிஸ்கட் டின்னையும் நீட்டுவாள். அடுத்த புத்தகக் கண்காட்சியில் தங்களுக்கு என்ன வாங்கவேண்டும் என்று ஒவ்வொரு வீட்டுக்காரியும் சீட்டெழுதி அதில் போடவேண்டும். தை பிறந்ததும் ஜில்லா தலைநகரத்தில் கண்காட்சி. ஊருக்குக் கிடைக்கும் புத்தக நிதி முழுவதும் அங்கேதான் செலவாகும்.

அந்த வருஷம் முதல் சீட்டைப் போட்டவள் முப்பத்தோராவது வீட்டுச் சைனபா. ஒரு கப்பல் சமையல்காரன் எழுதிய சுயசரிதை புதிதாக வந்திருப்பதாகப் பத்திரிகையில் படித்திருந்தாள்.

"என் வீட்டுக்காரரும் இருபது வருஷம் கப்பல்ல சமைச்சவர்தான். புயல் அடிச்சப்போ அரிசிப் பானை உருண்டுடாம தன் லுங்கியை அவுத்துக் கட்டினாராம், கேப்டன் முன்னாடி வெறும் சட்டையோட நின்னாராம். முப்பது வருஷமா இதையே சொல்றார். இந்த ஆளாவது உண்மையை எழுதியிருக்கானா பாக்கணும், விலாசினி. மறந்துடாதே."

"என்னைக்கு மறந்திருக்கேன் சைனபாத்தா? கண்காட்சியில முதல்ல உங்களுதுதான்."

அப்படிச் சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை. கொச்சியிலிருந்து ஒரு கம்பெனிக்காரன் வந்து இறங்கினான்.

டென்னிஸ் என்று பெயர். மரியாதையான பையன், செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தான். வாசகசாலைப் புத்தகங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, எது யாரிடம் இருக்கிறது என்று ஒரு தட்டலில் காட்டும் மென்பொருளை விற்கிறான். விலை வெறும் பதினெட்டாயிரம் என்று நோட்டீஸில் பெரிதாகப் போட்டிருந்தது. வளைகுடாவில் இருக்கும் ஊர்க்காரர்கள் அனுப்பிய கம்ப்யூட்டர் ஆறு மாதமாக உறை பிரிக்காமல் மூலையில் கிடந்தது. செக்ரட்டரி பவித்ரன் நோட்டீஸைப் பார்த்த கணமே மயங்கிவிட்டான்.

பவித்ரனுக்குப் பந்தலும் ஒலிபெருக்கியும் வாடகைக்கு விடும் தொழில். பேசுவதெல்லாம் மைக் முன்னால் நிற்பதுபோலத்தான் இருக்கும். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து வாசகசாலை போன வருஷம் இதே மென்பொருளை வாங்கி, 'முழுவதும் கணினிமயம்' என்று படகுத்துறைவரை தோரணம் கட்டியதிலிருந்து அவனுக்குச் சரியான தூக்கமில்லை.

டென்னிஸ் போகும்போது முகப்புப் பலகையை நிமிர்ந்து பார்த்தான். பச்சையில் வெள்ளை எழுத்தாக, 'புத்தகங்கள் 11,312' என்று இருந்தது.

"பத்தாயிரத்துக்கு மேலயா சார்? அப்போ பெரிய திட்டம் வரும். முப்பத்தோராயிரம். புத்தக விவரத்தை நாங்களே ஏத்தித் தரணும்னா ஒண்ணுக்கு அஞ்சு ரூபாய். அப்புறம் வருஷா வருஷம் புதுப்பிக்க ஒரு சின்னத் தொகை."

பவித்ரன் அங்கேயே கூட்டிப் பார்த்தான். எண்பத்தேழாயிரத்து ஐந்நூற்று அறுபது. ஆண்டுவிழா வசூலில் மிச்சம் ஐம்பதாயிரம் இருந்தது. புத்தக நிதி நாற்பத்திரண்டாயிரம்.

"பாத்தியா, அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு! மிச்சம் நாலாயிரத்துச் சொச்சத்துல திறப்புவிழா. லைட்டு என்னோடது, இலவசம்."

"பவித்ரேட்டா, அப்போ கண்காட்சி?"

"ஒரு வருஷம் போகலைன்னா என்ன குடிமுழுகிடும்? அடுத்த வருஷம் ரெட்டிப்பா வாங்கு."

விலாசினி கையிலிருந்த பிஸ்கட் டின்னைப் பார்த்தாள். முப்பத்தெட்டுச் சீட்டுகள் சேர்ந்திருந்தன. கம்ப்யூட்டர் வேண்டாம் என்று அவளுக்கு இல்லை. ஒரு புத்தகம் உள்ளே இருக்கிறதா என்று பார்க்க ஏணியில் ஏறி ஏறி அவள் முட்டி தேய்ந்திருந்தது. கம்ப்யூட்டரும் வரவேண்டும், சீட்டுகளும் தோற்கக்கூடாது. அதற்கு வழி இருக்கிறதா என்பதுதான் அவளுக்குத் தெரியவேண்டும்.

"கமிட்டி கூட்டம் வரைக்கும் எனக்கு டைம் கொடுங்க. விசாரிச்சுட்டு வரேன்."

"விசாரி. மிக்ஸி மாதிரி எட்டு மாசம் ஆக்கிடாதே."

மறுநாள் முதல் படகில் அக்கரைக்குப் போனாள். அங்கே நூலகராக இருக்கும் ஷைலஜா அவளுக்குப் பழைய சிநேகிதி. ஒரு வாசகசாலைக்காரி இன்னொரு வாசகசாலைக்குப் போனால் நடப்பது எப்போதும் ஒரே வரிசைதான். முதலில் பால் விடாத கட்டன் சாயாவும் நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரியும், பிறகு பெருமை. விலாசினி இரண்டையும் முழுமையாக வாங்கிக்கொண்டாள். அதன் பிறகே கேட்டாள்:

"வவுச்சர் ஃபைலைக் கொஞ்சம் காட்டேன்."

ஒவ்வொரு வாசகசாலையிலும் தணிக்கைக்காக அந்த ஃபைல் இருக்கும். சாயாப் பொடி வாங்கியதுகூட அதில் ஒட்டியிருக்கும். தோரணத்தில் எழுதாததெல்லாம் அதில்தான் இருக்கும். ஷைலஜாவின் ஃபைலில் புதுப்பிக்கும் தொகை ஆறாயிரம் என்று இருந்தது. அவர்களுடையது சிறிய திட்டம். பெரிய திட்டமென்றால் ஒன்பதாயிரம்.

"சரி, இந்த ஒரு வருஷத்துல கம்ப்யூட்டர் வழியா எத்தனை புத்தகம் கொடுத்த?"

ஷைலஜா பழம்பொரித் தட்டை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் தள்ளினாள்.

"முன்னூறு இருக்கும்."

"முன்னூறா? மீதி?"

"பழைய ரெஜிஸ்டர்லதான். பாஸ்வேர்டு செக்ரட்டரிகிட்ட இருக்கு. அவர் பாதி நாள் மங்களூர்ல. யார்கிட்டயும் சொல்லிடாதடீ."

ஆறாயிரத்தை முந்நூறால் வகுத்தால் ஒரு புத்தகம் எடுத்துக் கொடுக்க இருபது ரூபாய். விலாசினிக்கு நெசவுச் சங்கத்தின் அறுந்த நூல் ஞாபகம் வந்தது. வகுத்ததை அவள் வெளியே சொல்லவில்லை. பழம்பொரி நன்றாக இருந்தது.

அடுத்து மலையோரத்தில் ஒரு சின்ன வாசகசாலை. இரண்டு பஸ் மாறிப் போனாள். அங்கே அல்போன்சா என்ற நூலகர், யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பயன்படுத்தக்கூடிய பொது மென்பொருளைப் போட்டிருந்தாள். காசில்லை என்பதை விலாசினி நம்பவில்லை. இங்கேயும் ஃபைலைக் கேட்டாள்.

"மென்பொருளுக்குக் காசில்ல, அதைக் கொண்டுவந்து உக்கார வைக்கக் காசு உண்டு," என்று சிரித்தாள் அல்போன்சா. "டவுன்லேருந்து ஆள் வந்து போட்டுக் கொடுக்க அஞ்சாயிரம். அப்புறம் பட்டியலை இன்டர்நெட்ல பத்திரமா வச்சிருக்கற இடத்துக்கு வருஷம் நாலாயிரம். புத்தக விவரத்தை நாங்களே அடிச்சோம். முதல் ரெண்டு வாரம் கர்த்தாவே, அதைத் தூக்கி ஓடையில போட்டுடலாம்னு இருந்துச்சு. இப்போ எல்லாமே அதுலதான். போன வருஷம் ஆறாயிரத்து இருநூறு புத்தகம் கொடுத்திருக்கேன்."

ஒரு புத்தகத்துக்கு முக்கால் ரூபாய்கூட ஆகவில்லை. விலாசினி அதைக் குறித்துக்கொண்டு எழுந்தாள்.

"ஆமா சேச்சி, உங்ககிட்ட எத்தனை புத்தகம்?"

"பதினோராயிரத்து முன்னூத்தி பன்னெண்டு."

"எண்ணினீங்களா?"

விலாசினி மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

இருபத்தொரு வருஷத்தில் எண்ணியதில்லை. அவளுக்கு முந்தியவர்களும் எண்ணியதில்லை. ஸ்டாக் ரெஜிஸ்டரில் கடைசி எண் எதுவோ அதைத்தான் பலகையில் எழுதுவார்கள். புத்தகம் வந்தால் எண் ஏறும், போனால் இறங்காது. கரையான் தின்றாலும், வெள்ளத்தில் நனைந்து எறிந்தாலும், கல்யாணமாகிப் போன பெண் பெட்டியோடு கொண்டுபோனாலும் ரெஜிஸ்டரில் யாரும் அடிப்பதில்லை. அடித்தால் எண் குறையும். எண் குறைந்தால் ஊருக்குக் குறைச்சல். செத்தவர்களும் வாக்காளர் பட்டியலில் இருப்பதுபோல அந்தப் புத்தகங்கள் எல்லாம் அங்கே சௌக்கியமாக இருந்தன. மற்ற எல்லாவற்றையும் வீடு வீடாக விசாரித்தவள், தன் அலமாரியை மட்டும் விசாரிக்காமல் விட்டிருந்தாள். பஸ்ஸில் வரும்போது அதை நினைத்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். பக்கத்து இருக்கைக்காரி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

"எண்ணணும்" என்று அவள் சொன்னதும் பவித்ரன் பதறிப்போனான்.

"எண்ணினா குறையும்!"

"எண்ணாம விட்டா குறையாம இருக்குமா பவித்ரேட்டா? இல்லாத புத்தகத்துக்கும் ஒண்ணுக்கு அஞ்சு ரூபாய் அழப்போறோம். கரையான் சாப்பிட்டதுக்கு நாம பில் கட்டணுமா?"

பவித்ரன் எண்ணுவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தான். கூடவே, ஆள் சேரவேண்டுமே என்று, ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊரெல்லாம் சொல்லியும் விட்டான். வாசகசாலைப் புத்தகம் வீட்டில் வைத்திருப்பவர்கள் கொண்டுவந்து கொடுக்கலாம், எத்தனை வருஷமானாலும் அபராதம் கிடையாது என்று.

அந்த ஞாயிறு ஊர் ஒரு திருவிழா பார்த்தது. சனிக்கிழமைப் பெண்கள் நாற்பத்தாறு பேரில் முப்பது பேர் வந்துவிட்டார்கள். பலருக்கு வாசகசாலைக்குள் அதுதான் முதல் நுழைவு. "இதுதானா உன் அரண்மனை?" என்று சைனபா அலமாரி அலமாரியாகப் பார்த்து நடந்தாள். ஒருவர் ரெஜிஸ்டர் எண்ணை உரக்கப் படிக்க, இன்னொருவர் புத்தகத்தைத் தூக்கிக் காட்ட, கிடைத்தால் எல்லோரும் "உண்டு!" என்பார்கள். கிடைக்காவிட்டால் வாசகசாலையில் தினமும் கேரம் ஆடும் நாலு பேரும் சேர்ந்து ஒப்பாரி வைப்பார்கள். பின்கட்டில் கப்பைக் கிழங்கும் மத்தி மீன் கறியும் வெந்துகொண்டிருந்தன.

அபராதம் இல்லையென்றதும் எங்கெங்கிருந்தோ புத்தகங்கள் நடந்துவந்தன. சாயாக்கடைக்காரர் தன் பெஞ்சின் குட்டைக் காலுக்கு முட்டுக்கொடுத்திருந்த சட்டப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். அன்று முழுக்க அவர் பெஞ்சு ஆடியது. ஒருத்தி பன்னிரண்டு வருஷத்துக்கு முன் எடுத்த பிரசவகால வழிகாட்டியைக் கொடுத்தாள். அவளோடு வந்திருந்த பன்னிரண்டு வயதுப் பெண்ணைப் பார்த்து, "புத்தகம் வேலை செஞ்சிருக்கு" என்றாள் சைனபா. பவித்ரன் தன் பங்குக்குத் துண்டில் சுற்றி இரண்டு துப்பறியும் நாவல்களை யாரும் பார்க்காமல் அலமாரியில் செருகப் போனான். எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

சாயங்காலம் கூட்டல் முடிந்தது. எண்ணாயிரத்து நாற்பத்தேழு.

 பவித்ரன் வெளியே போய்ப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் கமிட்டிக்கு டென்னிஸும் வந்திருந்தான். எழுதிக் காட்டக் கரும்பலகை இல்லாததால் விலாசினி கேரம் பலகையைத் திருப்பிச் சுவரில் சாய்த்தாள். பின்பக்கத்துப் பிளைவுட்டில் சாக்பீஸால் மூன்று பத்தி போட்டாள். ஐந்து வருஷத்துக்கு ஆகும் மொத்தச் செலவு. கம்ப்யூட்டரும் கரண்டும் எதை வாங்கினாலும் ஒன்றுதான் என்பதால் அவற்றைச் சேர்க்கவில்லை. முகப்புப் பலகையில் இருக்கும் எண்ணை நம்பிப் பெரிய திட்டம் போனால் ஒரு லட்சத்து இருபத்து மூவாயிரத்து ஐந்நூற்று அறுபது. அலமாரியில் இருக்கும் எண்ணுக்குச் சிறிய திட்டம் போதும்; எண்பத்திரண்டாயிரத்து இருநூற்று முப்பத்தைந்து. பொது மென்பொருள் இருபத்தையாயிரம்.

மூன்றாவது பத்தியில் அவள் இன்னொரு வரி எழுதினாள்: 'விலாசினியின் சாயங்காலங்கள்.'

"அது என்ன விலை?" என்றான் டென்னிஸ்.

"தெரியல தம்பி. ஆனா அதுவும் செலவுதானே? கத்துக்கணும், அடிக்கணும், தப்புத் தப்பா அடிச்சுத் திருத்தணும். அதை மறைச்சு வச்சு இருபத்தையாயிரம்னு மட்டும் சொன்னா உங்க நோட்டீஸ் மாதிரி ஆயிடும்."

டென்னிஸே சிரித்துவிட்டான்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அஞ்சு வருஷம் கழிச்சு உங்களை விட்டு வேற இடம் போகணும்னா எங்க பட்டியலைக் கையில கொடுத்துடுவீங்களா?"

"அதுக்கு... பன்னெண்டாயிரம் ஆகும் சேச்சி. கம்பெனி விதி."

"எங்க புத்தகத்தோட பேரை எங்களுக்கே விப்பீங்களா!"

கமிட்டி மொத்தமும் சிரித்தது, பவித்ரனைத் தவிர. அவன் முகம் இன்னும் இறங்கியேதான் இருந்தது. விலாசினி அதைக் கவனித்திருந்தாள்.

"காசு கணக்கு சரிதான்," என்றான் பவித்ரன். "ஆனா பலகையில எட்டாயிரம்னு எழுதினா அக்கரைக்காரன் சிரிப்பான். அவன் ஒன்பதாயிரம்."

"பவித்ரேட்டா, நான் அங்க போனேனே. அவங்க ரெஜிஸ்டர்ல ஒன்பதாயிரம். அலமாரி எத்தனைன்னு பாத்தேன், நம்மளதுல பாதி. அவங்க இன்னும் எண்ணலை."

பவித்ரன் மெதுவாக நிமிர்ந்தான். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிவதுபோல அவன் முகம் மாறியது.

"எண்ணலையா?"

"எண்ணவே இல்ல."

"அப்போ இந்த ஆத்துக்கு ரெண்டு கரையிலயும் எண்ணின ஒரே வாசகசாலை..."

"நம்மளுதுதான்."

கை தூக்குவதில் முதல் கை பவித்ரனுடையது. பொது மென்பொருள் தீர்மானமானது. முதல் வருஷச் செலவு ஒன்பதாயிரம், ஆண்டுவிழா மிச்சத்திலிருந்து. புத்தக நிதியில் யாரும் கைவைக்கவேண்டியதில்லை. விலாசினியின் சாயங்காலங்களுக்கும் பவித்ரனே ஒரு வழி சொன்னான். கேரம் ஆடுபவர்கள் ஒவ்வொருவரும் தினமும் இருபது புத்தகம் அடித்துவிட்டுத்தான் ஸ்ட்ரைக்கரைத் தொடவேண்டும். நாலு பேருக்கு எண்பது; நூறு நாளில் ஏறக்குறைய எல்லாம் ஏறிவிடும்.

"நாங்க எப்போ ஒத்துக்கிட்டோம்?" என்றான் கேரம் ஆடுபவர்களில் ஒருவன்.

"கேரம் பலகை விலாசினி சேச்சி கையில இருக்கு. பாத்துக்கோ," என்றான் இன்னொருவன்.

உண்மைதான். எழுதிய பக்கத்தை அவள் அழிக்கவும் இல்லை, பலகையை விடவும் இல்லை.

பவித்ரன் மறுநாளே பெயின்ட் டப்பாவோடு ஏணியில் ஏறினான். பழைய எண்ணை மறைத்து 8,047 என்று எழுதி, கீழே தன் யோசனையாக ஒரு வரி சேர்த்தான்: 'எண்ணிப் பார்த்தது. எல்லாம் உள்ளே உண்டு.' இரண்டாம் நாள் ஷைலஜாவிடமிருந்து போன் வந்தது. அவர்கள் செக்ரட்டரி படகுத்துறையிலிருந்தே அதைப் படித்துவிட்டாராம். எண்ண எப்போது வரமுடியும் என்று கேட்டாள். மத்திக் கறி இருந்தால் வருவதாக விலாசினி சொன்னாள்.

தை பிறந்தது. கண்காட்சிக்கு ஜீப் பேசினார்கள். ஒன்பது பெண்களும் ஒரு பிஸ்கட் டின்னும் ஏறினார்கள். விலாசினி வழக்கம்போல ஒவ்வொரு கடையிலும் விற்பவனிடம் கேட்காமல், புத்தகத்தைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டுக் கேட்டு வாங்கினாள். ஒரு சீட்டுக்குப் புத்தகம் அச்சில் இல்லை, மற்றதெல்லாம் கிடைத்தன. சைனபாவினுடையது மூன்றாவது கடையிலேயே கிடைத்துவிட்டது. ரெஜிஸ்டரில் அதற்கு எண் 11,313. தொலைந்துபோன புத்தகங்களின் எண்களை வேறு புத்தகத்துக்குக் கொடுக்கக்கூடாது என்பதில் விலாசினி கண்டிப்பு.

எண் போடுவதற்கு முன்பே சைனபா ஜீப்பில் அதைத் திறந்துவிட்டாள். பாதி வழியில் அவளிடமிருந்து ஒரு கத்தல் வந்தது. டிரைவர் பிரேக்கில் காலை வைத்துவிட்டான்.

"என்ன ஆச்சு சைனபாத்தா?"

"லுங்கி! இங்க பாரு, எழுதியிருக்கான். இவனோட கப்பல்லயும் புயலாம், அரிசிப் பானையாம், இவனும் அவுத்துக் கட்டியிருக்கான்! அடப்பாவி மனுஷா, நிஜமாவே நடக்கற காரியமா இது? முப்பது வருஷமா நான் ஒரு வார்த்தை நம்பலையே!"

ஜீப் முழுக்கச் சிரித்துக் குலுங்கியது. விலாசினிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"அப்போ வீட்டுக்குப் போய் அவர்கிட்ட மன்னிப்புக் கேளுங்க."

சைனபா பக்கத்தைத் திருப்பினாள்.

"பொறு, பொறு. இன்னும் இருநூறு பக்கம் இருக்கு. மத்ததையும் சரிபார்த்துட்டுக் கேக்கறேன்."